ஒற்றைச் சொல்லுக்கு அப்பால்: இலண்டனில் ஓர் ஆரம்பப் பாடசாலையின் தரத்தை எப்படி அறிவது?

இலண்டனில் எங்கள் ஆட்கள் வீடு பார்க்கப் போனால், குளியலறை எத்தனை என்று கேட்பதற்கு முன்பே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பக்கத்துப் பள்ளிக்கூடம் அவுட்ஸ்டாண்டிங்கோ?" அதற்குப் பிறகுதான் ரயில் நிலையம், கோயில், தமிழ்க்கடை எல்லாம். ஈஸ்ட்ஹாமிலும் ரூட்டிங்கிலும் வாடகைக்கு இருந்த குடும்பங்கள், அந்த ஒரு சொல்லுக்காகவே ஹரோ பக்கம் பெரிய வீட்டுக்கடனோடு குடிபோன கதைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. இரண்டு வேலை செய்து கட்டுகிற கடன் அது. பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடம் கிடைத்தால் போதும் என்பதுதான் அந்தக் கணக்கின் அடிப்படை.

ஆனால் 2024 செப்டெம்பர் தொடக்கத்தில் இருந்து இங்கிலாந்தின் அரசுப் பாடசாலைகளுக்கு அப்படியொரு ஒட்டுமொத்தச் சொல் வழங்கப்படுவதில்லை. பாடசாலை வாசலில் தொங்கும் பதாகையும் வீட்டு முகவரின் விளம்பரமும் பழைய சொல்லையே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, ஏன் போனது, அது இல்லாத இடத்தில் ஒரு தாயோ தகப்பனோ எதைப் பார்த்து முடிவெடுப்பது என்பவற்றை எழுதிவைப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

எங்களுக்குப் பழக்கமான அளவுகோலைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. ஊரில் ஓர் ஆரம்பப் பாடசாலை நல்லதா என்பதற்கு ஒரே விடைதான் இருந்தது: ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் எத்தனை பேர் வெட்டுப்புள்ளியைத் தாண்டினார்கள்? அந்தப் பிள்ளைகளில் பாதிப்பேர் மாலையில் எந்த ரியூசனில் இருந்தார்கள் என்று எவரும் கேட்டதில்லை. சித்தியடையாத பிள்ளைகள் ஐந்து வருடத்தில் என்ன கற்றார்கள் என்றும் கேட்டதில்லை. விமானத்தில் ஏறும்போது இந்த அளவுகோலையும் நாங்கள் பெட்டிக்குள் வைத்துத்தான் கொண்டுவந்தோம். இங்கே வந்ததும் வெட்டுப்புள்ளி இருந்த இடத்தில் 'அவுட்ஸ்டாண்டிங்' வந்து உட்கார்ந்துகொண்டது.

சமூகப் பாடசாலை என்றால் என்ன?

இங்கிலாந்தில் 'கொம்யூனிட்டி ஸ்கூல்' என்பது 1998ஆம் ஆண்டுச் சட்டம் தரும் ஒரு வகைப்பெயர். அதாவது உள்ளூர் கவுன்சில் நடத்தும் பாடசாலை. ஆசிரியர்களின் தொழில்தருநர் கவுன்சில்தான், காணி கவுன்சிலுடையது, யாருக்கு இடம் கொடுப்பது என்ற விதிகளை வகுப்பதும் கவுன்சில்தான். கிறிஸ்தவ, யூத, இந்து சமயப் பாடசாலைகளில் மத அடிப்படையில் முன்னுரிமை இருக்கலாம். அகடமிகள் கவுன்சிலின் கையில் இல்லாமல் அறக்கட்டளைகளின் பொறுப்பில் நேரடியாக அரசின் பணத்தில் இயங்குபவை. சமூகப் பாடசாலையில் மதமும் கிடையாது, நுழைவுப் பரீட்சையும் கிடையாது. பராமரிப்பில் உள்ள பிள்ளைகள், ஏற்கனவே படிக்கும் சகோதரர்கள், அதன்பின் வீட்டிலிருந்து தூரம் என்ற வரிசையில்தான் பெரும்பாலும் இடம் ஒதுக்கப்படும். அதனால்தான் வீடும் பள்ளிக்கூடமும் இப்படிப் பின்னிப்பிணைந்து போயின.

இஸ்லிங்டனில் நடந்தது

ஓர் ஆரம்பப் பாடசாலையில் கல்வி தரமானதா, அதை யார் சொல்வது என்ற கேள்வி பிரித்தானியாவில் ஒரு தேசியப் பிரச்சினையாக வெடித்தது இலண்டனில்தான். வட இலண்டனின் இஸ்லிங்டனில் உள்ள வில்லியம் டின்டேல் கனிஷ்ட பாடசாலை அது. இன்றும் அதே பெயரில் அங்கே ஓர் ஆரம்பப் பாடசாலை இயங்குகிறது.

1974 ஜனவரியில் ரெரி எல்லிஸ் என்பவர் அங்கே அதிபராக வந்தார். அவரும் உடனிருந்த ஆசிரியர்கள் சிலரும் முற்போக்குக் கல்வியில் உறுதியான நம்பிக்கை கொண்டவர்கள். 1967இல் வெளிவந்த பிளவுடன் அறிக்கை, ஆரம்பக் கல்வியின் மையத்தில் இருக்கவேண்டியது பிள்ளையே என்று வலியுறுத்தியிருந்த காலம். டின்டேல் ஆசிரியர்கள் அதைக் கடைசி எல்லைவரை கொண்டுபோனார்கள். எதைச் செய்வது, எப்போது செய்வது என்பதைப் பிள்ளைகள் பெருமளவில் தாங்களே தெரிவுசெய்யலாம். மிகவும் பின்தங்கிய வீடுகளில் இருந்து வரும் பிள்ளைகளுக்கே தங்கள் கவனம் முதலில் உரியது என்பது அவர்களின் வாதம். அதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் பெற்றோருக்குத் தெரிந்தது வேறு. பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை. வகுப்பில் ஒழுங்கு இல்லை. கேட்டால் பதில் இல்லை. அந்தப் பாடசாலையிலேயே வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்குப் பகுதிநேரமாகக் கற்பித்த டொலி வோக்கர் என்ற ஆசிரியை, 1974 கோடையில் பெற்றோர் கூட்டமொன்றில் புதிய முறைகளை வெளிப்படையாகக் கண்டித்தார். பெற்றோர் பலர் பிள்ளைகளை விலக்கி வேறு பாடசாலைகளில் சேர்த்தார்கள். வசதியுள்ளவர்கள் மட்டும் அப்படிச் செய்யவில்லை. தொழிலாளர் குடும்பங்களும் போனார்கள். முகாமைக் குழுவுக்கும் ஆசிரியர்களுக்கும் மோதல் முற்றியது. உள்-இலண்டன் கல்வி அதிகாரசபை பரிசோதகர்களை அனுப்ப முடிவெடுத்தபோது, 1975 செப்டெம்பரில் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்து, அருகிலேயே தனியாக ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார்கள். மிஞ்சியிருந்த பிள்ளைகளுக்குப் பரிசோதகர்களே வந்து பாடம் நடத்தவேண்டிய நிலை ஏற்பட்டது.

சட்டத்தரணி றொபின் ஓல்ட் தலைமையிலான பகிரங்க விசாரணை 1975 ஒக்டோபரில் தொடங்கியது. 1976 ஜூலையில் வெளிவந்த அவருடைய அறிக்கை எவரையும் விட்டுவைக்கவில்லை. ஆசிரியர்களும் கண்டிக்கப்பட்டார்கள், முகாமைக் குழுவினர் சிலரும் கண்டிக்கப்பட்டார்கள். ஆனால் கடுமையான அடி விழுந்தது அதிகாரசபைக்குத்தான். தன் கீழுள்ள ஆரம்பப் பாடசாலைகளில் எந்தத் தரம் எதிர்பார்க்கப்படுகிறது, அதை எப்படி அளப்பது, தரம் விழுந்தால் யார் தலையிடுவது என்பது பற்றி அதனிடம் எந்தக் கொள்கையும் இருக்கவில்லை. அதிகாரசபையின் பாடசாலைகள் துணைக்குழுத் தலைவர் ஹார்வி ஹைன்ட்ஸ் பதவி விலகினார். அதே ஆண்டு ஒக்டோபர் 18ஆம் திகதி பிரதமர் ஜேம்ஸ் கலகன் ஒக்ஸ்போர்ட்டில் உள்ள றஸ்கின் கல்லூரியில் பேசினார். வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்று கேட்கும் உரிமை ஆசிரியர்களுக்கு மட்டும் உரியது அல்ல, பெற்றோருக்கும் நாட்டுக்கும் உண்டு என்பதே அந்தப் பேச்சின் சாரம்.

இந்தக் கதையில் நான் கவனிப்பது ஒன்று. பாடசாலை விழுகிறது என்று முதலில் கண்டுபிடித்தவர்கள் பரிசோதகர்கள் அல்ல. பிள்ளையின் வாசிப்பைக் கேட்ட பெற்றோரும், அந்தப் பிள்ளைகளோடு இருந்து கற்பித்த ஓர் ஆசிரியையும்தான். ஆனால் அவர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதே தெளிவாக இல்லாததால், ஒரு பிள்ளையின் ஆரம்பப் பள்ளி வாழ்க்கையில் இரண்டு ஆண்டுகள் வீணாகப் போயின.

சொல் வந்த கதை, போன கதை

அதன்பின் வந்தவை ஒவ்வொன்றும் அந்தக் கேள்விக்கான பதில்களே. 1988ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தச் சட்டம் தேசிய பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது. உள்-இலண்டன் அதிகாரசபையையும் 1990இல் இல்லாமல் செய்தது. 1992இல் ஒஃப்ஸ்டெட் உருவானது. பரீட்சை முடிவுகள் பாடசாலை வாரியாக வெளியாகின. பரிசோதனை அறிக்கைகள் பெற்றோர் கைக்கு வந்தன. காலப்போக்கில் அந்த அறிக்கைகள் நான்கு தரங்களுக்குள் சுருங்கின: மிகச்சிறப்பு, நன்று, முன்னேற்றம் தேவை, போதாது. பெற்றோர் அறிக்கையை வாசிப்பதை விட்டுவிட்டு முதற்பக்கத்துச் சொல்லை மட்டும் வாசித்தார்கள்.

அந்தச் சொல்லின் பெறுமதி எவ்வளவு என்பதற்கு ஒரு சான்று. 2012 முதல் 2020 வரை 'அவுட்ஸ்டாண்டிங்' பெற்ற பாடசாலைகளுக்கு வழமையான பரிசோதனையில் இருந்து விலக்கு அளிக்கப்பட்டது. பல பாடசாலைகளுக்குப் பத்து வருடங்களுக்கு மேலாக யாரும் வரவேயில்லை. அதிபர் மாறியிருப்பார், ஆசிரியர்கள் முழுவதும் மாறியிருப்பார்கள், பதாகை மட்டும் மாறாது. விலக்கு நீங்கியபின் 2021-22 கல்வியாண்டில் பரிசோதிக்கப்பட்ட அத்தகைய பாடசாலைகளில் ஐந்தில் நான்குக்கும் மேற்பட்டவை அந்தத் தரத்தை இழந்தன. நீண்டகாலம் பார்க்கப்படாதவற்றையே முதலில் பார்த்தார்கள் என்பதும் உண்மை. ஆனாலும், அந்தப் பதாகைகளை நம்பி வீடு வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று நினைக்கத் தோன்றுகிறது.

சொல்லை வீழ்த்தியது ஒரு மரணம். றெடிங் நகரில் கவர்ஷம் ஆரம்பப் பாடசாலையின் அதிபர் றூத் பெரி, பாடசாலை மிகக் கீழான தரத்துக்கு இறக்கப்படவிருந்த நிலையில், 2023 ஜனவரியில் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தப் பரிசோதனை அவருடைய மரணத்துக்குக் காரணிகளில் ஒன்று என்று அதே ஆண்டு டிசம்பரில் மரணவிசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். 2024 செப்டெம்பரில் ஒட்டுமொத்தத் தரச்சொல் நீக்கப்பட்டது. 2025 நவம்பரில் இருந்து அறிக்கை அட்டை நடைமுறைக்கு வந்துள்ளது.

இந்த அட்டையில் பாடசாலை பல கூறுகளாகப் பார்க்கப்படுகிறது: எல்லாப் பிள்ளைகளையும் உள்வாங்குதல், பாடத்திட்டமும் கற்பித்தலும், அடைவு, வரவும் நடத்தையும், பிள்ளையின் ஆளுமை வளர்ச்சியும் நலனும், தலைமைத்துவம். சிறுவர் வகுப்புகள் இருந்தால் அதற்கும் தனியாக ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஐந்து படிகள்: ஆகமேலே 'விதிவிலக்கான சிறப்பு', பின் 'வலுவான தரம்', 'எதிர்பார்க்கப்படும் தரம்', 'கவனம் தேவை', ஆகக்கீழே 'அவசர முன்னேற்றம் தேவை'. பிள்ளைகளின் பாதுகாப்பு மட்டும் நிறைவேறியது, நிறைவேறவில்லை என இரண்டே விடைகளுடன் வரும். இங்கே எங்கள் பெற்றோர் ஒன்றை மனதில் வைக்கவேண்டும். 'எதிர்பார்க்கப்படும் தரம்' என்பதை ஊர்க் கணக்கில் 'சாதாரண சித்தி' என்று எடுத்துவிடக்கூடாது. அது குறைபாடு அல்ல. ஒரு பாடசாலை செய்யவேண்டியதைச் செய்கிறது என்பதே அதன் பொருள். பழைய 'நன்று'க்கும் இதற்கும் நேருக்கு நேர் பொருத்தம் பார்ப்பதும் சரிவராது.

இலக்கங்களை வாசிப்பது

ஆரம்பப் பாடசாலையில் பிள்ளைகள் அளக்கப்படும் இடங்கள் பல. றிசெப்ஷன் வகுப்பில் சேர்ந்த ஆறு வாரத்துக்குள் ஓர் ஆரம்ப மதிப்பீடு. முதலாம் ஆண்டின் ஜூனில் 40 சொற்களை வாசிக்கச்செய்யும் ஒலிப்புச் சோதனை, அதில் 32 சரியாக இருக்கவேண்டும். நான்காம் ஆண்டில் வாய்ப்பாட்டுச் சோதனை, 25 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஆறு விநாடி. இரண்டாம் ஆண்டுச் சோதனைகள் 2023-24 முதல் கட்டாயம் அல்ல. ஆறாம் ஆண்டின் மே மாதத்தில் வருவதே எல்லோரும் பேசும் 'சற்ஸ்'. வாசிப்பு, இலக்கணம், கணிதம் ஆகியவற்றுக்குப் பரீட்சை; எழுத்துக்குப் பரீட்சை இல்லை, வகுப்பாசிரியர்தான் மதிப்பிடுவார். புள்ளிகள் 80 முதல் 120 வரையான அளவில் வரும். 100 எதிர்பார்க்கப்படும் தரம், 110 உயர்தரம்.

2025இல் இங்கிலாந்து முழுவதும் வாசிப்பு, எழுத்து, கணிதம் மூன்றிலும் எதிர்பார்க்கப்படும் தரத்தை எட்டியவர்கள் 62 வீதம். 2019இல், பெருந்தொற்றுக்கு முன், 65 வீதம். பிராந்தியங்களில் முதலிடத்தில் இருப்பது இலண்டன். ஆகவே உங்கள் பாடசாலை 66 வீதம் எடுத்தால் 'நாட்டின் சராசரியைவிட மேல்' என்று அதன் இணையத்தளம் சொல்லும், அது உண்மைதான். ஆனால் பக்கத்துப் பாடசாலைகளோடும் அந்தக் கவுன்சிலின் சராசரியோடும் ஒப்பிட்டுப் பார்த்தால் கதை வேறாக இருக்கலாம். கல்வித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இந்த ஒப்பீட்டை எவரும் இலவசமாகச் செய்யலாம்.

இலக்கத்தைப் பார்த்ததும் எடுக்கவேண்டிய முதல் கேள்வி: எத்தனை பிள்ளைகள்? ஒரே ஒரு வகுப்பு உள்ள பாடசாலையில் ஆறாம் ஆண்டில் 30 பேர். ஒரு பிள்ளை என்பது மூன்று வீதத்துக்கும் மேல். பரீட்சை வாரத்தில் இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்து, இன்னும் இரண்டு பிள்ளைகள் வேறு பள்ளிக்கூடத்தில் இருந்து புதிதாக வந்து சேர்ந்தால், முடிவு 13 புள்ளிகள்வரை கீழே போய்விடலாம். கற்பித்தல் ஓர் அங்குலமும் மாறியிராது. ஆகவே ஒரு வருட முடிவைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். மூன்று வருடங்களைச் சேர்த்துப் பாருங்கள்.

இரண்டாவது கேள்வி எங்களுக்கே உரியது, கொஞ்சம் கசப்பானதும்கூட. அந்த முடிவுகளில் எவ்வளவு பங்கு பாடசாலையினுடையது, எவ்வளவு ரியூசனுடையது? எங்கள் சனம் செறிந்து வாழும் பகுதிகளில் நான்காம் ஆண்டிலேயே பிள்ளைகள் சனி, ஞாயிறு என்று ரியூசனுக்குப் போகிறார்கள். சிலருக்கு இலக்கு கிறமர் ஸ்கூல். சிலருக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை போகிறது என்பதே காரணம். 110க்கு மேல் எடுத்த பிள்ளைகளின் வீதம் உயர்ந்திருக்கும் பாடசாலையைக் கண்டு, 'நல்ல பள்ளிக்கூடம்' என்று இன்னும் பத்துக் குடும்பங்கள் அங்கே வரும். அவர்களும் ரியூசனுக்கு அனுப்புவார்கள். அந்தப் பாடசாலை உண்மையில் எப்படிக் கற்பிக்கிறது என்பது எவருக்கும் தெரியாமலே போய்விடும். ரியூசனுக்குப் பணமில்லாமல், அல்லது விசா முடிவுக்காகக் காத்திருக்கும் நிலையில், அதே வகுப்பில் இருக்கும் எங்கள் பிள்ளைக்குத்தான் அந்த வித்தியாசம் தெரியும்.

இந்த ஐயம் ஆய்வாளர்களுக்கும் இருந்தது. இலண்டன் பாடசாலைகள் ஏன் நாட்டின் மற்றப் பகுதிகளைவிட முன்னுக்கு வந்தன என்பதற்கு, 2003இல் தொடங்கிய 'இலண்டன் சலஞ்ச்' என்ற அரசுத் திட்டம் உட்படப் பல காரணங்கள் சொல்லப்பட்டன. பிரிஸ்டல் பல்கலைக்கழகப் பொருளியலாளர் சைமன் பர்கெஸ் 2014இல் இடைநிலைப் பாடசாலை முடிவுகளை ஆராய்ந்து, இலண்டன் பிள்ளைகளின் முன்னேற்றத்துக்குப் பெரிய காரணம் அவர்களின் இனக்கலவையே என்றார். எளிமையாகச் சொன்னால், குடிவந்தோரின் பிள்ளைகளுக்கும் அவர்களின் வீடுகளுக்கும் உள்ள கல்வி வேட்கை. மற்றவர்கள் இதை ஏற்கவில்லை, விவாதம் தொடர்கிறது. எப்படியானாலும், பாடசாலையின் புகழில் ஒரு பகுதி எங்கள் தாய்மார் சமையலறை மேசையில் சம்பாதித்துக் கொடுத்தது.

வீட்டின் பங்கையும் பாடசாலையின் பங்கையும் பிரித்துப் பார்க்கத்தான் 'முன்னேற்ற அளவீடு' என்று ஒன்று இருந்தது. ஒரே இடத்தில் தொடங்கிய பிள்ளைகள், ஆறாம் ஆண்டு முடிவில் எங்கே நிற்கிறார்கள் என்று அது ஒப்பிட்டது. பெருந்தொற்றில் இரண்டாம் ஆண்டுச் சோதனைகள் நடக்காததால் 2024, 2025 ஆண்டுகளுக்கு அந்த அளவீடு இல்லை. பெற்றோருக்கு மிகவும் தேவையான இலக்கம் இல்லாமல் போன வருடங்கள் இவை. அதற்குப் பதிலாக ஓரளவுக்கு உதவக்கூடியது, வசதி குறைந்த பிள்ளைகளின் முடிவு. அந்தப் பக்கத்தில் அது தனியாகக் கொடுக்கப்பட்டிருக்கும். ரியூசனுக்கு வழியில்லாத பிள்ளைகள் நன்றாகச் செய்கிற பாடசாலையில், வகுப்பறைக்குள் ஏதோ சரியாக நடக்கிறது என்று நம்பலாம். நான் முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான்.

வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை

2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தமிழைத் தம் முதன்மை மொழியாகச் சொன்னவர்கள் ஓர் இலட்சத்தைத் தாண்டினார்கள். ஆக, எங்கள் பிள்ளைகள் இலண்டன் பாடசாலைகளுக்குப் புதியவர்கள் அல்லர். இருந்தும், இங்கே பிறந்த பிள்ளைக்கும், எட்டு வயதில் வவுனியாவில் இருந்தோ தமிழ்நாட்டு முகாமில் இருந்தோ, பிரான்ஸிலும் சுவிஸிலும் சில காலம் இருந்தோ வந்து சேரும் பிள்ளைக்கும் 'ஆங்கிலம் மேலதிக மொழி' என்ற ஒரே முத்திரைதான் குத்தப்படுகிறது. 2016 முதல் 2018 வரை பாடசாலைகள் இந்தப் பிள்ளைகளின் ஆங்கில ஆற்றலை ஐந்து படிகளில் அரசுக்கு அறிவிக்கவேண்டியிருந்தது. பிறகு அந்தக் கட்டாயம் கைவிடப்பட்டது. நல்ல பாடசாலைகள் தங்களுக்காக அதை இன்றும் செய்கின்றன. 'எனது பிள்ளை எந்தப் படியில் இருக்கிறது, அடுத்த படிக்குப் போக என்ன செய்கிறீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். உடனே பதில் வந்தால் ஒரு விதம். 'அவர் சந்தோசமாக இருக்கிறார், நண்பர்கள் இருக்கிறார்கள்' என்று மட்டும் வந்தால் இன்னொரு விதம்.

ஒலிப்புச் சோதனையில் எங்கள் பிள்ளைகள் பொதுவாகச் சறுக்குவதில்லை. எழுத்தைக் கண்டு ஒலிக்கப் பழகிவிடுவார்கள். பொருளே இல்லாத சொற்களையும் படபடவென்று வாசிப்பார்கள். மூன்றாம், நான்காம் ஆண்டுகளில்தான் சிக்கல் வெளியே தெரியும். சொல்லை வாசிக்கிறது பிள்ளை, பத்தி விளங்கவில்லை. கதையில் வரும் பாத்திரம் ஏன் அப்படிச் சொன்னது என்று கேட்டால் மௌனம். சரளமாக விளையாட்டுத் திடலில் பேசும் ஆங்கிலம், பாடப்புத்தகத்தின் ஆங்கிலம் அல்ல. ஆகவே முதலாம் ஆண்டில் 'பாஸ்' என்ற கடிதம் வந்ததோடு திருப்திப்படாமல், வாசித்த கதையை வீட்டில் தமிழில் சொல்லச்சொல்லிக் கேளுங்கள். அரைகுறை ஆங்கிலத்தில் எங்களோடு பேச வைப்பதைவிட அது நல்லது. வீட்டு மொழியைப் பள்ளிக்கூட வாசலில் கழற்றிவைத்துவிட்டு வரும்படி எந்தப் பிள்ளையையும் எதிர்பார்க்கக்கூடாது என்பது 1975இல் புலொக் அறிக்கையே சொன்ன கருத்து. அப்படியிருக்க, 'வீட்டில் ஆங்கிலமே பேசுங்கள்' என்று இன்றும் ஓர் ஆசிரியர் சொன்னால், அந்தப் பாடசாலையின் தரம் பற்றி அதுவே ஒரு தகவல்.

மறுபக்கமும் உண்டு. மொழி தெரியாததைக் கற்றல் குறைபாடு என்று எழுதிவிடும் தவறு இலண்டனில் முன்பு நடந்தது. கிரெனடாவைச் சேர்ந்த பேர்னார்ட் கோர்ட் 1971இல் எழுதிய சிறுநூல், மேற்கிந்தியத் தீவுப் பிள்ளைகள் அளவுக்கு மிஞ்சிய எண்ணிக்கையில் 'கல்வியில் வளர்ச்சி குன்றியோர்' பாடசாலைகளுக்குத் தள்ளப்படுவதை அம்பலப்படுத்தியது. சோதனைத்தாளின் மொழியும் பண்பாடும் அந்தப் பிள்ளைகளுக்கு அந்நியமானவை; குறைபாடு பிள்ளையில் அல்ல, அளவுகோலில் என்றார் அவர். 2014ஆம் ஆண்டுச் சிறுவர் மற்றும் குடும்பச் சட்டம் இதைத் தெளிவாக்கியிருக்கிறது: வீட்டு மொழி வேறு என்ற ஒரே காரணத்தால் ஒரு பிள்ளைக்குக் கற்றல் இடர்பாடு உண்டு என்று கொள்ளக்கூடாது. ஆனால் எங்கள் சமூகத்தில் இதற்கு நேர்மாறான ஆபத்தும் இருக்கிறது. உண்மையாகவே உதவி தேவைப்படும் பிள்ளையை, 'மொழிப் பிரச்சினைதான், சரிவந்துவிடும்' என்று பாடசாலையும் சொல்லும். 'ஆட்கள் என்ன சொல்வினம்' என்று நாங்களும் பேசாமல் இருப்போம். தமிழில் பேசும்போதும் அதே தடுமாற்றம் இருக்கிறதா என்பது பெற்றோருக்கு மட்டுமே தெரிந்த விடயம். அதைப் பாடசாலையின் விசேட தேவை இணைப்பாளரிடம் எழுத்தில் கொடுங்கள்.

பெற்றோர் சந்திப்பில் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக இருத்துவதும் நிறுத்தவேண்டிய ஒன்று. ஒன்பது வயதுப் பிள்ளை தன்னைப் பற்றிய குறையைத் தானே தாய்க்கு மொழிபெயர்க்குமா? 'நல்லாப் படிக்கிறேனாம்' என்றுதான் சொல்லும். தமிழ் தெரிந்த ஊழியரையோ மொழிபெயர்ப்பாளரையோ முன்கூட்டியே கேளுங்கள். அந்தக் கோரிக்கையைப் பாடசாலை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதையும் கவனியுங்கள்.

நேரில் போனால்

பாடசாலைகள் பெற்றோருக்குத் திறந்துவிடும் நாட்கள் பெரும்பாலும் ஒக்டோபர், நவம்பரில் வரும். அலங்காரத்தைப் பார்க்கவேண்டாம், நடைகூடச் சுவரில் தொங்குபவை எப்போதும் ஆகச்சிறந்த பிள்ளையின் வேலைகள்தான். ஒரு வகுப்பில் இருக்கும் கொப்பிகளைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். செப்டெம்பர்ப் பக்கத்துக்கும் இன்றைய பக்கத்துக்கும் வித்தியாசம் தெரிகிறதா? ஆசிரியர் திருத்தியதைப் பிள்ளை திரும்பவும் செய்திருக்கிறதா? கடைசி மேசையில் இருக்கும் பிள்ளை என்ன செய்துகொண்டிருக்கிறது? கடந்த இரண்டு வருடத்தில் எத்தனை ஆசிரியர்கள் விலகினார்கள், எத்தனை வகுப்புகளைத் தற்காலிக ஆசிரியர்கள் நடத்துகிறார்கள் என்பது சற்றுச் சங்கடமான கேள்வி. அதனால்தான் கேட்கவேண்டும்.

பணத்தைப் பற்றியும் ஒன்று. இலண்டனில் பிறப்பு வீதம் குறைந்து, வாடகை தாங்காமல் குடும்பங்களும் வெளியேறுவதால், ஆரம்பப் பாடசாலைகளில் பிள்ளைகள் குறைகிறார்கள். ஹக்னியில் 2024இல் பாடசாலைகள் மூடப்பட்டும் இணைக்கப்பட்டும் விட்டன. அரசின் பணம் பிள்ளையின் தலைக்கணக்கில் வருவது. 30 பேருக்கான வகுப்பில் 19 பேர் இருந்தால் பெற்றோருக்கு மகிழ்ச்சி, அதிபருக்கு நித்திரை இல்லை. உதவி ஆசிரியர்களும் மேலதிக மொழி ஆதரவும்தான் முதலில் வெட்டுப்படுபவை. இடம் காலியாக உள்ள பாடசாலை மட்டமானது என்று எண்ணிவிடக்கூடாது. ஆனால் அடுத்த மூன்று வருடத்துக்கான திட்டம் என்ன என்று கேட்பது நியாயம்.

இதோடு தொடர்புள்ள, எங்கள் குடும்பங்கள் பல தவறவிடும் படிவம் ஒன்று இருக்கிறது. 2023 செப்டெம்பரில் இருந்து இலண்டன் மேயரின் திட்டத்தில் எல்லா அரசு ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் மதிய உணவு இலவசம். சாப்பாடு கிடைக்கிறதுதானே என்று, வருமானம் குறைந்த பெற்றோரும் இலவச உணவுக்கான விண்ணப்பத்தை நிரப்புவதில்லை. ஆனால் அந்தப் பதிவை வைத்துத்தான் 'பியூப்பில் பிறிமியம்' என்ற மேலதிக நிதி பாடசாலைக்கு வருகிறது. 2025-26இல் ஓர் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைக்கு 1,515 பவுண்ட். ஒருமுறை தகுதி பெற்ற பிள்ளைக்கு ஆறு வருடம் வரை கணக்கில் வரும். அந்தப் பணத்தை என்ன செய்கிறோம் என்பதைப் பாடசாலை தன் இணையத்தளத்தில் வெளியிட்டே ஆகவேண்டும். அதை வாசித்துவிட்டுக் கேள்வி கேட்கலாம்.

கேள்வி கேட்பதற்கு என்றே உள்ள இடம் ஆளுநர் சபை. கவுன்சில் நடத்தும் ஒவ்வொரு பாடசாலையின் ஆளுநர் சபையிலும் பெற்றோரால் தெரிவாகும் உறுப்பினர்கள் குறைந்தது இருவர் இருக்கவேண்டும். அதிபரைத் தெரிவதும், முடிவுகள் ஏன் விழுந்தன என்று கேட்பதும், வரவுசெலவை அங்கீகரிப்பதும் அந்தச் சபைதான். டின்டேலில் இல்லாமல் போன பதில் சொல்லும் பொறுப்பு இன்று இருக்கும் இடம் அது. கோயில் நிர்வாகசபைத் தேர்தலுக்கு வரிசையில் நிற்கும் எங்கள் ஆட்கள், இந்தப் பதவிக்கு மனுப் போடுவதைக் காண்பது அரிது. ஆங்கிலம் பிழைத்துவிடும் என்ற பயம் ஒரு காரணம். மாலை வேலை இன்னொரு காரணம்.

2022 செப்டெம்பர் 1 முதல் 2023 ஓகஸ்ட் 31 வரை பிறந்த பிள்ளைகள் 2027 செப்டெம்பரில் றிசெப்ஷன் வகுப்புக்குப் போவார்கள். அவர்களுக்கான விண்ணப்ப முடிவுத் திகதி 2027 ஜனவரி 15. இடம் எங்கே என்ற அறிவித்தல் ஏப்ரல் 16. அதற்கிடையில், திறந்த நாளில் பார்த்த பாடசாலைக்கு இன்னொரு தடவை போங்கள். இந்த முறை ஒரு சாதாரண நாளில், பின்னேரம் பள்ளி விடும் நேரத்துக்கு வாசலில் நின்றால் போதும். ஆசிரியர்கள் பிள்ளைகளை எப்படி ஒப்படைக்கிறார்கள், ஆங்கிலம் தடுமாறும் ஒரு தாயோடு எவ்வளவு நேரம் நின்று பேசுகிறார்கள் என்று பாருங்கள். பக்கத்தில் நிற்கும் பெற்றோரிடம் 'பிள்ளைக்கு இந்த வருடம் யார் ரீச்சர்?' என்று பேச்சைத் தொடங்கலாம்.